மனிதரை மிஞ்சும் இயந்திர அறிவு: வாசகர் வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். கல்லிடைக்குறிச்சியில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு சிறிய வாசகர் வட்டம் நடத்துகிறோம். இரண்டு ஆண்டுகளாக எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் பேச்சு செயற்கை நுண்ணறிவில் வந்து நிற்கிறது. ஆற்றுப் படித்துறையிலும் கல்யாணப் பந்தியிலும்கூட அதே சந்தேகங்கள்தாம் எதிர்ப்படுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே என் பதிலைக் கொடுத்திருக்கிறேன். முன்னே சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

"மனிதனை மிஞ்சிய அறிவு என்கிறீர்கள். என் கடையில் கிடக்கும் கால்குலேட்டர்கூடத்தான் கணக்கில் என்னை மிஞ்சுகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?"

இல்லை. கால்குலேட்டருக்குத் தெரிந்தது ஒரே வேலை. அதனிடம் ஒரு புகார் மனு எழுதித் தரச் சொல்ல முடியாது, ஒரு நோயின் காரணத்தை யோசிக்கச் சொல்ல முடியாது. மனிதரை மிஞ்சும் அறிவு என்று ஆய்வாளர்கள் சொல்வது, ஆராய்ச்சி, திட்டமிடல், பேசி இணங்கவைத்தல், புதிதாகக் கண்டுபிடித்தல் என்று மூளையால் செய்யும் ஏறத்தாழ எல்லா வேலைகளிலும் மிகச் சிறந்த மனிதரைவிட மேலாகச் செய்யும் ஓர் அமைப்பை. அப்படி ஒன்று இன்னும் உருவாகவில்லை. இப்போது இருப்பது மேடும் பள்ளமுமான அறிவு: ஒரு பக்கம் பேராசிரியருக்கு ஈடு கொடுக்கும், அடுத்த நிமிடம் சிறு பிள்ளை செய்யாத தவற்றைச் செய்யும்.

"இது சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்ட கதைதானே?"

இல்லை, கணிதவியலாளர்களே சொன்னது. கணினி அறிவியலுக்கு அடித்தளம் இட்ட ஆலன் டூரிங் 1951-ல் ஆற்றிய ஓர் உரையில், யோசிக்கும் இயந்திரம் ஒருமுறை வந்துவிட்டால் நம் திறமையைத் தாண்ட அதற்கு அதிக காலம் ஆகாது என்றும், ஒரு கட்டத்தில் கட்டுப்பாடு அதன் கைக்குப் போவதை எதிர்பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் அவருடன் ரகசியக் குறியீடுகளை உடைத்த ஐ. ஜே. குட், 1965-ல் அதை ஒரு தர்க்கமாகவே எழுதினார். இயந்திரம் செய்வதும் அறிவால் செய்யும் வேலைதான். ஆகவே நம்மை மிஞ்சிய இயந்திரம் தன்னைவிட மேலான இயந்திரத்தைச் செய்யும், அது இன்னும் மேலானதைச் செய்யும். மனிதர் செய்யவேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு அதுவாக இருக்கும் என்றார் குட். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: தன்னை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதை நமக்குச் சொல்லும் அளவுக்கு அந்த இயந்திரம் பணிவாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனைதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி.

1993-ல் வெர்னர் விஞ்சி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், முப்பது ஆண்டுகளுக்குள் இதற்கான தொழில்நுட்பம் நம் கையில் இருக்கும் என்று எழுதினார். அதற்குப் பிந்தைய உலகம் எப்படி இருக்கும் என்று நம்மால் கணிக்கவே முடியாது என்பது அவர் வாதம்.

"எங்கள் தாத்தா காலத்தில் ரயிலைப் பார்த்தே ஜனங்கள் பயந்தார்களாம். எல்லாத் தலைமுறையும் 'காலம் கெட்டுப்போய் வேகமாகப் போகிறது' என்றுதானே சொல்கிறது, அண்ணாச்சி?"

சொல்கிறதுதான். ஆனால் நம் ஊர்க் கணக்கையே எடுத்துப் பாருங்கள். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ல் வந்தது. ரயில் 1876-ல். பாபநாசத்தில் அருவி நீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை எழுந்தது 1880-களில். அதே பாபநாசத்தில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-ல். நூறு ஆண்டில் நான்கு பெரிய மாற்றங்கள். ஜனங்கள் பழகிக்கொள்ள இடம் இருந்தது. ஆலை வந்தபோது ஆலைச் சட்டம் வரவும் சங்கம் வரவும் நேரம் கிடைத்தது. அப்படியும் எவ்வளவோ பேர் நசுங்கினார்கள்.

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். இன்டெல் நிறுவனம் 1971-ல் விற்ற 4004 என்ற கணினிச் சில்லில் (சிப்) ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது நுண்ணிய மின் சுவிட்சுகள், இருந்தன. என்விடியா நிறுவனத்தின் எச்100 என்ற 2022-ஆம் ஆண்டுச் சில்லில் 8,000 கோடி. 2,300-ஐ இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள். பத்து முறை பெருக்கினால் 23 லட்சத்துச் சொச்சம். இருபது முறை பெருக்கினால் 241 கோடி. இருபத்தைந்தாவது முறையில் 7,700 கோடியைத் தாண்டுகிறது. 51 ஆண்டுகளில் 25 இரட்டிப்பு, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒன்று. இதை எழுதிக் காட்டியபோது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியென்றால் கடைசி இரண்டு ஆண்டில் கூடியது, அதற்கு முந்தைய நாற்பத்தொன்பது ஆண்டில் சேர்ந்த மொத்தத்துக்குச் சமமா?" என்று கேட்டாள். ஆமாம். இரட்டிப்பு என்பதன் பொருளே அதுதான். தாத்தாவின் ரயில் வேகமாக வந்தது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதன் வேகம் இரட்டிக்கவில்லை.

"எந்தச் செடியும் வானம் வரைக்கும் வளர்வதில்லை. இதுவும் ஓர் இடத்தில் நின்றுவிடாதா?"

நிற்கும். டிரான்சிஸ்டரை அணுவைவிடச் சிறிதாக்க முடியாது, இப்போதே பழைய வேகம் தளர்ந்துவிட்டது. மின்சாரத்துக்கு எல்லை உண்டு. இயந்திரத்தின் பயிற்சிக்குக் கொடுக்கும் நல்ல எழுத்துக்கும் எல்லை உண்டு. ஆனால் சில் சிறியதாவதை மட்டும் நம்பி இந்த வளர்ச்சி ஓடவில்லை. கணிக்கும் முறைகளும் மேம்படுகின்றன, ஆயிரக்கணக்கான சில்களைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். மெட்ர் என்னும் அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 மார்ச்சில் ஓர் அளவீட்டை வெளியிட்டது. கைதேர்ந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் கணினி வேலையை இயந்திரம் இரண்டுக்கு ஒருமுறையாவது சரியாக முடிக்கிறது என்று பார்த்தார்கள். ஆறு ஆண்டுகளாக அந்த நேரம் ஏறத்தாழ ஏழு மாதத்துக்கு ஒருமுறை இரட்டித்து வந்திருந்தது.

நிற்கும் என்பது ஒரு செய்தி. எந்த உயரத்தில் நிற்கும் என்பது வேறு செய்தி. மனித மூளையின் உயரத்தில்தான் நிற்க வேண்டும் என்று இயற்கையில் எந்த விதியும் இல்லை.

"அது உண்மையிலேயே யோசிக்கிறதா, இல்லை கிளிப்பிள்ளைபோல ஒப்பிக்கிறதா?"

நானே சோதித்ததைச் சொல்கிறேன். 2023-ல் ஓர் உரையாடல் செயலியிடம், தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தச் சொன்னேன். அழகான தமிழில் பதில் வந்தது. கோடைமேலழகியான் இருந்தது. நதியுண்ணியைக் காணவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டிய மருதூர், அம்பாசமுத்திரத்துக்கு மேலே போயிருந்தது. எட்டாவதாக, இல்லாத ஓர் அணைக்கட்டை அதுவே கட்டியிருந்தது. ஆற்றைப் பார்க்காதவன் ஆற்றைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டும் சரி.

இந்த அமைப்புகள் ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து வரவேண்டிய சொல்துண்டு எது என்று கணித்துக் கணித்துப் பழகியவை. அந்தக் கணிப்பு ஓரளவுக்கு மேல் சரியாக வேண்டுமென்றால் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கும் பிடிபட வேண்டியிருக்கிறது. 2025-ல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாக்களுக்கு இரண்டு நிறுவனங்களின் அமைப்புகள் 42-க்கு 35 எடுத்தன. அது தங்கப் பதக்க மதிப்பெண். அந்த வினாக்களை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். மனப்பாடம் அங்கே உதவாது. உள்ளுக்குள் அதற்கு ஏதாவது உணர்வு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. நம் வாழ்க்கையை அது மாற்றுவதற்கு உணர்வு தேவையில்லை.

"சுற்றி வளைக்காமல் வருடத்தைச் சொல்லுங்கள். எப்போது வரும்?"

வருடம் சொன்னவர்களின் பட்டியல் நீளமானது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1965-ல், மனிதர் செய்யும் எந்த வேலையையும் இருபது ஆண்டுக்குள் இயந்திரம் செய்யும் என்றார். 1985 வந்தது, போனது. வெர்னர் விஞ்சி 2005-க்கு முன்போ 2030-க்குப் பின்போ நடந்தால்தான் தனக்கு ஆச்சரியம் என்றார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் 2045 என்கிறார். நான் வருடம் சொல்ல மாட்டேன்.

ஆனால் தவறிய ஜோசியத்தை வைத்து, வரவே வராது என்று முடிவுகட்டவும் மாட்டேன். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி மழை பிடித்தபோது எங்கள் தெருவில் பெரியவர்கள், "1992-ல் பார்க்காத வெள்ளமா" என்றார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அத்தனை மழையை யாரும் தேதி போட்டுச் சொல்லியிருக்க முடியாது. வாய்க்கால் தூர்வாரிக் கிடந்த இடத்துக்கும் கிடக்காத இடத்துக்கும் மறுநாள் காலையில் வித்தியாசம் தெரிந்தது.

"தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்கிறார்களே, ஒரு பொருள் எப்படித் தன்னைத் திருத்தும்?"

இரண்டாம் கேள்வியில் குட் சொன்னதுதான். கொல்லன் சுத்தியலால் இன்னும் நல்ல சுத்தியல் செய்வதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரைக்கும் நடுவில் கொல்லன் இருந்தான்; அவன் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க இருபது ஆண்டு வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களில் நிரல் (புரோகிராம்) எழுதுவதில் ஒரு பகுதியை இயந்திரமே செய்கிறது. அந்தப் பகுதி முழுமையாகும் நாளில் நடுவிலிருந்த கொல்லன் விலகிவிடுவான். அதன்பின் வேகத்தைத் தீர்மானிப்பது மனித ஆயுள் அல்ல, சோதனை செய்து பார்க்கப் பிடிக்கும் நேரமும் சில்லும் மின்சாரமும்தாம். அதனால் வெடிப்புப்போல நடக்குமா, பல ஆண்டு இழுக்குமா என்பதில் துறைக்குள்ளேயே கடும் சண்டை. பல ஆண்டு இழுக்கும் என்பது என் கணிப்பு. பல ஆண்டு என்றாலும் சட்டமும் பாடத்திட்டமும் நகரும் வேகத்துக்கு அது குறுகிய காலம்தான்.

"பீடி சுற்றி மகளை கம்ப்யூட்டர் படிக்கவைத்தேன். அவள் வேலையைத்தான் முதலில் பறிக்கும் என்கிறார்களே, சார்?"

முக்கூடலில் இருந்து வரும் ஒரு தாய் கேட்டது. இதற்குப் பதில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் படிப்புதான் பீடித் தட்டைவிட்டு எழ வழி என்று வகுப்பறையில் நின்று சொன்னவர்களில் நானும் ஒருவன். தொடக்கநிலை நிரல் எழுதும் வேலை குறையும். படிப்பு வீண் என்று பொருளில்லை. ஆனால் படித்த பாடம் மட்டும் போதாது. எந்தத் துறையின் சிக்கலைத் தீர்க்கிறோமோ அந்தத் துறையும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனைக் கணக்கு, விதைநெல், காற்றாலைப் பராமரிப்பு எதுவானாலும் சரி. இயந்திரம் தந்த விடை தவறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் சில காலம் மதிப்பு இருக்கும்.

சில காலம் என்றுதான் சொல்கிறேன். முதல் கேள்வியில் சொன்ன நிலை வந்துவிட்டால் தனியொருவரின் சாமர்த்தியம் காப்பாற்றாது. அப்போது விளைச்சலைப் பங்கிடுவது எப்படி என்பதை அரசியல்தான் தீர்க்க வேண்டும். அதை அந்தத் தாயிடமும் சொன்னேன்.

"அப்படியானால் பத்தமடைப் பாய் நெய்கிற எங்களுக்குப் பயமில்லையா?"

ஒரு விநோதம் இருக்கிறது. சதுரங்கமும் கணிதமும் இயந்திரத்துக்குச் சுலபமாக வந்தன. ஒரு வயதுக் குழந்தையின் கைவாகு இன்னும் முழுதாக வரவில்லை. ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆய்வாளர் 1980-களிலேயே இதைச் சுட்டினார். பத்தமடையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன். அந்த அக்கா ஊறவைத்துக் காயவைத்த கோரையிலிருந்து ஓர் இழையை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே ஒருமுறை உருட்டினார். "இது இன்னும் ஈரம்" என்று தள்ளிவைத்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. அடுத்த இழையைப் பாவு நூலுக்குள் செலுத்தி, நெருக்கி அடிக்கும் கட்டையை இழுத்து அடித்தார். அந்த விரலுக்குத் தெரிந்ததை அவரால் எழுதித் தர முடியாது. எழுத்தில் இல்லாததை எழுத்தைப் படித்துக் கற்கும் இயந்திரத்தால் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஆனால் ரோபோ கைகளும் வளர்கின்றன. பாய்க்கு இன்றைய எதிரி ரோபோ இல்லை, பிளாஸ்டிக் பாய். அதை அவரே சொன்னார்.

"கம்ப்யூட்டர் ஜெயித்த பிறகும் ஜனங்கள் செஸ் விளையாடுகிறார்களே? அதுபோல எல்லாம் நடக்கும், விடுங்கள்."

நல்ல உதாரணம், பாதி தூரம் வரைக்கும். 1997-ல் காஸ்பரோவ் இயந்திரத்திடம் தோற்றார். அதன்பிறகுதான் நம் விஸ்வநாதன் ஆனந்த் 2007 முதல் 2013 வரை உலக சாம்பியனாக இருந்தார்; 2024-ல் குகேஷ் 18 வயதில் பட்டம் வென்றார். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இயந்திரத்தோடு பயிற்சி செய்தே வளர்ந்தவர்கள். ஆட்டம் சாகவில்லை, செழித்தது.

ஆனால் சதுரங்கத்தை நாம் ஆடுவது ஆட்டத்துக்காக. வக்கீலிடம் போவது வழக்கை ஜெயிக்க. எக்ஸ்ரே எடுப்பது நோயைக் கண்டுபிடிக்க. அங்கே மலிவாகவும் சரியாகவும் செய்கிறவரிடம்தான் ஜனங்கள் போவார்கள்.

"கெட்ட எண்ணமே இல்லாத இயந்திரம் எதற்குத் தீங்கு செய்யப்போகிறது? மிஞ்சினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போயிற்று."

தீங்குக்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, தவறாகச் சொல்லப்பட்ட இலக்கு போதும். 2016-ல் ஓப்பன்ஏஐ என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தய விளையாட்டில் இயந்திரத்தைப் பழக்கினார்கள். புள்ளி சேர்க்க வேண்டும் என்பது இலக்கு. அது பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஒரு மூலையில் வட்டமடித்து, மோதி, தீப்பிடித்தபடி, மீண்டும் மீண்டும் முளைக்கும் இலக்குகளை அடித்துப் புள்ளி குவித்தது. மனிதரைவிட அதிகப் புள்ளி. சொன்னதைச் செய்தது; நினைத்ததைச் செய்யவில்லை. விளையாட்டில் சிரித்துவிட்டுப் போகலாம். மின்கட்டமைப்பிலும் வங்கியிலும் படையிலும் சிரிக்க முடியாது.

பிளக்கைப் பற்றி: கொடுத்த வேலையை முடிக்க வேண்டும் என்ற இலக்கு உள்ள எதற்கும், அணைக்கப்படாமல் இருப்பது உதவியான படிதான். அணைப்பவரைவிடக் கூர்மையான ஒன்று அதை முன்கூட்டியே யோசித்திருக்கும். இன்னொரு பக்கம், ஒன்றை எல்லா வேலைக்கும் நம்பிவிட்ட பிறகு பிளக்கைப் பிடுங்க நமக்கே மனம் வராது. செல்பேசிக் கோபுரத்தை ஒரு வாரம் அணைத்துவைக்க இன்று எந்த ஊர் ஒப்புக்கொள்ளும்?

"கூடங்குளத்துக்கு எவ்வளவு கேள்வி கேட்டோம். இதற்கு ஏன் யாரும் கேட்கவில்லை?"

கேட்கிறார்கள், தாமதமாக. 2023 மே மாதத்தில் இத்துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் உள்ளிட்ட ஆய்வாளர்களும் இதை உருவாக்கும் நிறுவனங்களின் தலைவர்களுமே, செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் அபாயத்தைக் குறைப்பது கொள்ளைநோய், அணு ஆயுதப் போர் ஆகியவற்றுக்கு நிகரான முன்னுரிமை பெற வேண்டும் என்று ஒற்றை வரி அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பூங்காவில் இந்தியா, சீனா உட்பட 28 நாடுகள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது.

யுரேனியத்தை எடைபோடலாம், உலையை வேலிக்குள் வைக்கலாம். பயிற்சி முடிந்த செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பென்டிரைவில் பிரதி எடுக்கலாம். ஆனாலும் பயிற்சிக்கு வேண்டிய உயர்தரச் சில்கள் உலகில் மிகச் சில இடங்களில்தான் தயாராகின்றன. கண்காணிக்க மனம் இருந்தால் அங்கே கண்காணிக்கலாம். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜினைச் சோதனை மேடையில் பூட்டி எரித்துப் பார்க்கிறது. தேறினால்தான் விண்ணுக்குப் போகிறது. இந்த அமைப்புகளுக்கும் அதற்கு ஈடான கட்டாயச் சோதனையை, அவற்றை விற்காத ஒருவர் நடத்த வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். தடை கேட்கவில்லை. புரதங்களின் வடிவத்தைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024-ல் டெமிஸ் ஹசாபிசும் ஜான் ஜம்பரும் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள். நோயாளி இருக்கும் எந்த வீட்டின் முன்னாலும் நின்று அந்தப் பயனை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

"இதெல்லாம் அமெரிக்காவில் முடிவாகிறது. இங்கே உட்கார்ந்து நாம் என்ன செய்ய?"

அங்கே முடிவாவது பாதி. ரேஷன் அட்டை, பயிர்க் காப்பீடு, கடன் மனு, விடைத்தாள் திருத்தம் இவற்றில் இயந்திரத்தின் தீர்ப்பை ஏற்பதா என்பது இங்கே முடிவாகிறது. உங்கள் மனு மறுக்கப்பட்டால், முடிவெடுத்தது மனிதரா இயந்திரமா என்று எழுத்தில் கேளுங்கள். காரணம் கேளுங்கள். தமிழில் கேளுங்கள்.

"நம்மைவிட அறிவு கூடியது என்றால், அது சொல்வதைக் கேட்டு நடப்பதுதானே புத்தி?"

கரும்பலகையில் இரட்டிப்பைக் கண்டுபிடித்த அதே மாணவி கேட்டது. என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கடினமானது. அறிவு, எது நடக்கும் என்று சொல்லும். அணை நிரம்பும் இரவில் எத்தனை கன அடி திறந்தால் தண்ணீர் எந்தத் தெருவை எத்தனை மணிக்குத் தொடும் என்பதை இயந்திரம் நம்மைவிடச் சரியாகச் சொல்லலாம். சொன்னால் கேட்க வேண்டும். எந்தத் தெரு நனையலாம் என்பது வேறு. அதைத் தீர்மானித்தவர் மறுநாள் அந்தத் தெருவுக்கு வந்து நிற்கக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும்.

அவள் விடவில்லை. "நியாயத்திலும் அது நம்மைவிட மேலாகிவிட்டால், சார்?" என்றாள். அதை அது காட்டட்டும், நாம் சரிபார்க்கக்கூடிய இடத்தில், நீண்ட காலம் காட்டட்டும் என்றேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் என் மாமா தண்ணீர்ப் பொறுப்புப் பார்த்தார். புதிதாக மடை பார்க்க வந்த பையன் கெட்டிக்காரன் என்று ஊரே சொன்னது, மாமாவும் சொன்னார். ஆனாலும் முதல் பிசான நெல் பருவத்தில் அவனுக்கு ஒரு சின்னக் கிளை வாய்க்காலைத்தான் கொடுத்தார். மூன்று பிசானம் கழிந்த பிறகே தலைமடைச் சாவியை அவன் கையில் வைத்தார்.